பனையும் கோபுரமும் சேரும் இடம்



முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதித்து ஓய்வு பெற்ற ஒருவனை, வீடியோ விளையாட்டுகளுக்குப் புதிய களங்களைக் கற்பனை செய்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்த அழைப்பில் பொருத்தம் உண்டென்றே கருதுகிறேன். ஒரு பிரதேசத்தை அதன் மண்ணோடும் மழையோடும் மனிதர் செய்யும் தொழிலோடும் சேர்த்து மாணவன் மனத்தில் எழுப்பிக் காட்டிவிட வேண்டும் என்று சாக்குக்கட்டியும் சுவர்ப்படமும் கொண்டு நான் செய்த பிரயத்தனத்தையே, இன்று பல தேசங்களில் ஓவியர்களும் கணிப்பொறி வல்லுநர்களும் இசைவாணர்களும் நூற்றுக்கணக்கில் ஒன்றுகூடி, என் கைக்கு எட்டாத சாதனங்களைக் கொண்டு செய்துவருகிறார்கள்.

திறந்த உலக விளையாட்டு என்று இளைஞர்கள் வழங்குவது இன்னதென்று பெரியவர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய விளையாட்டுகளில் ஆட்டக்காரன் ஒரு கட்டத்தை முடித்து அடுத்த கட்டத்துக்குப் போவான், வழி ஒன்றே. திறந்த உலகத்திலோ, ஒரு நாடோ தீவோ நகரமோ முழுமையாக அவன் முன்னே விரிந்து கிடக்கும். மலையேறுவதும் ஆற்றில் இறங்குவதும் கதையை மறந்து ஒரு மரத்தடியில் நின்றுவிடுவதும் அவன் இஷ்டம். 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு ஆங்கிலேய மாணவர்கள் ‘எலைட்’ என்ற விளையாட்டை ஆக்கியபோது, இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே போதாத சொற்ப நினைவகத்தில், கணித விதிகளைக் கொண்டே எட்டு வான்மண்டலங்களையும் மண்டலத்துக்கு 256 விண்மீன்களையும் சிருஷ்டித்துக் காட்டினார்கள். எங்கும் போகலாம் என்ற அந்தச் சுதந்திரத்தின் வசீகரம் அன்றுமுதல் குறையவில்லை.

சென்ற கார்த்திகை மாதத்தில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், என் பேரன் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். 1274இல் மங்கோலியப் படை ஜப்பானியத் தீவாகிய சுஷிமாவில் வந்திறங்கிய சரித்திரத்தை ஆதாரமாகக் கொண்டு அமெரிக்காவிலுள்ள ஒரு குழுவினர் 2020இல் வெளியிட்டது அது. வெள்ளை நாணற்பூ மண்டிய வெளியில் குதிரைமேல் அமர்ந்திருந்த வீரனுக்குத் திசை தெரியவில்லை. பேரன் கன்ட்ரோலரின் மீது விரலை மெல்ல மேல்நோக்கி வருடினான். உடனே காற்று எழுந்தது. நாணல் முழுதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. சருகுகள் அந்தத் திசையில் பறந்தன. “எங்க போகணும்னு காத்துதான் தாத்தா சொல்லும்” என்றான். வெளியே எங்கள் முற்றத்து வேப்பமரமும் அப்போது வாடைக்காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் ஒரு கணம் ஜன்னலையும் பார்த்தான்.

அடுத்த வாரம் வேறொரு விளையாட்டு. பளபளக்கும் பெருநகரம், கண்ணாடி மாளிகைகள், மழையில் நனைந்த சாலையில் விளக்குகளின் பிரதிபிம்பம்கூடத் தத்ரூபம். ஒரு மணி நேரம் அந்நகரத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவனிடம், இது என்ன தெரு என்று கேட்டேன். “தெரியல தாத்தா. மூலைல சின்ன மேப்ல கோடு போட்டிருக்கும், அதப் பார்த்தே ஓட்டிருவேன்” என்றான். அந்த நகரத்தைக் கட்டுவதற்கு எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் உழைத்திருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்கு மனவருத்தமே உண்டாயிற்று. நகரம் கண் முன்னே இருந்தது. பையன் கண்ணோ உள்ளங்கை அகலமுள்ள கோட்டின் மேல் இருந்தது.

இவ்விரண்டு மாலைகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைத்தான் நான் இன்று விளக்க விரும்புகிறேன். புதிய களம் வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் புதிய தோற்றத்தையே கேட்கிறார்கள்: கோட்டை சலித்துவிட்டது, பாலைவனம் கொடு, பாலைவனம் சலித்துவிட்டது, பனிமலை கொடு. தோற்றத்தை மாற்றிவிட்டு, ஏறிப் பார்க்க ஒரு கோபுரம், அடித்துக் கலைக்க ஒரு கொள்ளைக்காரர் பாசறை, பொறுக்கிச் சேர்க்க நூறு சில்லறைப் பொருள்கள் என்ற பழைய சாமான்களையே மறுபடியும் அதன்மேல் பரப்பினால், களம் புதியதாகிவிடுமா? ஒரு நிலத்தின் காற்றும் நீரும் பொழுதும் தொழிலும் அங்கே நடமாடுகிறவனை ஆளும் விதிகளாக மாறும்போதுதான் அது களமாகிறது என்பது என் அபிப்பிராயம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக முன்னே வைத்து, மாந்தரின் தொழிலையும் பறையையும் உணவையும் கருப்பொருளாக அதன்பின் வைத்த தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு இந்த முறைமை எளிதில் விளங்கக்கூடியது.

இத்துறையில் மேதைகளாக விளங்கியவர்கள் இதை அனுபவத்தில் உணர்ந்திருக்கிறார்கள். 1986இல் வெளிவந்த ‘செல்டா’ விளையாட்டைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோ நகரத்துக்கு அருகிலுள்ள சோனோபே என்ற ஊரில் பிறந்து, சிறுவயதில் அங்குள்ள குன்றுகளிலும் காடுகளிலும் தன்னந்தனியாகச் சுற்றியவர். ஒருநாள் எதிர்ப்பட்ட குகைக்குள் விளக்கை ஏந்திக்கொண்டு நுழைந்த அச்சத்தையும் ஆனந்தத்தையுமே தம் விளையாட்டின் வித்தாகக் கூறியிருக்கிறார். அவ்வரிசையில் 2017இல் வந்த விளையாட்டை இயக்கிய ஃபுஜிபயாஷி, தாம் நன்கறிந்த கியோட்டோவின் தேசப்படத்தைத் தம் கற்பனை நாட்டின்மேல் வைத்துப் பார்த்து, பழகிய இடங்களுக்கு இடையே நடக்க ஆகும் நேரத்தைக்கொண்டு தூரங்களை நிர்ணயித்தாராம். கற்பனை இராச்சியத்துக்கு அளவுகோலாக அமைந்தது ஒரு மனிதனின் கால்கள் அறிந்த ஊர்.

விஸ்தீரணத்தைப் பற்றிய மயக்கம் இத்துறையில் நெடுங்காலமாக உண்டு. 1996இல் வந்த ‘டாகர்ஃபால்’ என்ற விளையாட்டின் நிலப்பரப்பு நம் தமிழ்நாட்டைவிடப் பெரியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கணிப்பொறி தானே இட்டு நிரப்பிய ஆயிரக்கணக்கான ஊர்களில் ஓர் ஊரை மற்றோர் ஊரிலிருந்து பிரித்தறிவது பெரும்பாடு. அதே நிறுவனம் 2002இல் அவ்வரிசையைச் சேர்ந்த ‘மாரோவிண்ட்’ என்ற விளையாட்டில், முன்னையதில் மிகச் சிறு பங்கே ஆகும் ஒரு தீவை எடுத்துக்கொண்டு, நடுவே எரிமலையையும், எரிமலையிலிருந்து வீசும் சாம்பற்புயலையும், மரங்களின் ஸ்தானத்தில் மாளிகையளவு காளான்களையும், பிரயாணத்துக்குக் கோபுர உயரமுள்ள ஒரு பூச்சியையும் வைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஜனங்கள் நினைவில் வைத்துப் பேசுவது அந்தச் சிறிய தீவைத்தான்.

செக் நாட்டவர்கள் 2018இல் வெளியிட்ட ‘கிங்டம் கம்’ என்ற விளையாட்டும் அத்தகையதே. 1403ஆம் ஆண்டின் பொஹீமியாவில், சாசவா ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிற ஊர்களையும் மடாலயத்தையும் ஆதாரமாகக் கொண்டு, சுமார் 16 சதுர கிலோமீட்டர் நிலத்தை மட்டுமே அதில் வரைந்திருக்கிறார்கள். கதாநாயகன் ஒரு கொல்லனின் மகன். அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆட்டக்காரன் ஒரு புத்தகத்தைத் திறந்தால், எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். எழுத்தர் ஒருவரிடம் போய்ப் பாடம் கேட்டுப் பயின்றால் மட்டுமே சொற்கள் ஒழுங்குபட்டு வரும். அக்காலத்துச் சாமானிய மனிதனுக்கு ஓர் ஏடு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை இதைவிடச் செம்மையாக எந்த வகுப்பறையிலும் கற்பிக்க முடியாது. நான் ஆசிரியனாக இருந்தவன், ஒப்புக்கொள்ளுகிறேன்.

இனி, இன்னும் யாரும் முழுமையாகக் கை வைக்காத நிலங்கள் சிலவற்றை உங்கள் முன் வைக்கலாம். கம்போடியாவில் தோன்லே சாப் என்ற ஏரி ஒன்று இருக்கிறது. கோடைகாலத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஓர் ஆள் நடந்து போகும் ஆழமுமாகச் சுருங்கிக் கிடக்கும் அந்த ஏரி, மழைக்காலத்தில் மேகாங் நதி பெருகி எதிர்த்து வருவதால், தன்னிலிருந்து புறப்படும் ஆறே திசை திரும்பித் தன்னை நோக்கிப் பாய, ஐந்தாறு மடங்கு விரிந்து காடுகளை மூழ்கடித்து நிற்கும். மரங்களுக்கு இடையே மீன்கள் முட்டையிடும். கோடையில் ஏணி வைத்து ஏறிய வீட்டு வாசலில் ஐப்பசியில் படகைக் கட்டலாம். இந்த நிலத்தில் ஒரு விளையாட்டை அமைத்தால், ஆட்டக்காரன் முதல் மாதத்தில் நடந்து மனப்பாடம் செய்த பாதைகள் ஐந்தாம் மாதத்தில் ஏரியின் அடித்தளமாகிவிடும். அவன் தலையை நிமிர்த்திப் பார்த்த மரக்கிளைக்கு மேலே துடுப்புப் போடுவான். வேறு மாயமந்திரம் எதற்கு? ஜெர்மனியின் வட ஃப்ரீசியக் கடலோரத்தில் ஹாலிகென் என்று பத்துச் சிறு தீவுகள் உண்டு. புயற்காலத்தில் கடல் புகுந்து மேய்ச்சல் நிலமெல்லாம் மறைந்து, வீடுகள் நிற்கும் மண்மேடுகள் மாத்திரம் தனித்தனியே நீர்மேல் தெரியும். அங்கே கடிகாரத்தைவிட வற்றுப்பெருக்குக்கே அதிகாரம் அதிகம்.

ஆனால் என் மனம் அதிகமாகத் தங்கிய களம் நமக்கு எதிரே இருக்கிறது. இந்த மண்டபத்தின் கீழைச் சாளரத்தைத் திறந்தால் உப்புக்காற்றோடு உள்ளே வருகிற மன்னார் வளைகுடாவைச் சொல்லுகிறேன். அதிலும் எதிர்க்கரையில், இலங்கையின் மன்னாருக்குத் தெற்கே, மறிச்சுக்கட்டி என்ற மணற்பரப்பை.

ஒரு நூற்றாண்டுக்கு முன், ஆண்டில் பத்து மாதம் அங்கே குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் இருக்காது. மணல், முட்புதர், வெயில். ஆனால் பார்கள் என்று வழங்கும் கடலுக்கடியிலுள்ள திட்டுகளில் முத்துச்சிப்பி முதிர்ந்துவிட்டதென்று அரசாங்கம் அறிவித்த ஆண்டில், மாசி பங்குனி மாதங்களில், இரு பருவக்காற்றுகளுக்கு இடையே கடல் கண்ணாடிபோல் அமைதி கொள்ளும் சில வாரங்களுக்கு, அந்த மணலில் பல்லாயிரம் ஜனங்கள் வசிக்கும் ஒரு பட்டணம் முளைத்துவிடும். கிடுகு வேய்ந்த குடில்கள் வரிசை வரிசையாக எழும். தெருக்களும் கடைவீதியும் நீதிமன்றமும் ஆஸ்பத்திரியும் சிறைச்சாலையும் எழும். கீழக்கரையிலிருந்தும் நம் தூத்துக்குடியிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மூழ்கிச் சிப்பி எடுக்கும் குளிகாரர்கள் வருவார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியர்கள் வருவார்கள். பம்பாயிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் முத்து வர்த்தகர்கள் வருவார்கள். பருவம் முடிந்ததும் கிடுகைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். பின்னாளில் பெரிய எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்டு உல்ஃப், 1906இல் இலங்கை அரசாங்கத்தின் இளம் உத்தியோகஸ்தராக அந்தப் பட்டணத்தில் பணியாற்றியவர்.

அங்கே ஒரு நாள் எப்படி நடந்தது என்று சற்றே கவனியுங்கள். நள்ளிரவை ஒட்டி வேட்டொலி கேட்கும். தரையிலிருந்து கடலை நோக்கிக் கரைக்காற்று வீசும் நேரம் அது; நூற்றுக்கணக்கான தோணிகள் ஒன்றாகப் பாய் விரித்து, விடியும்போது பார்களின்மேல் போய்ச் சேரும். குளிகாரன் 15 முதல் 20 கிலோ எடையுள்ள கல்லில் காலை வைத்து, கூடையையும் கயிற்றையும் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குவான். ஒன்பது பத்து மீட்டரிலிருந்து அதன் இருமடங்கு வரை ஆழம். தரையைத் தொட்டவுடன் கல் மேலே இழுக்கப்படும். ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ கிடைக்கும் அவகாசத்தில் அவன் சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே கயிறு பிடிப்பவன் அந்த அசைவைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது. குளிப்பவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவன் மைத்துனனாகவே இருப்பான், தன் உடன்பிறந்தாள் தாலியைத் தன் கையிலேயே பிடித்திருப்பதால் அவன் அயரமாட்டான் என்று நம் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவராகக் கருதப்பட்ட கடல்கட்டி என்பவர் வந்து ஓதினாலன்றிக் குளிகாரர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். அரசாங்கமே அவருக்குச் சன்மானம் கொடுத்துவந்தது. நடுப்பகலில் மறுபடி வேட்டொலி. அதற்குள் கடற்காற்று திரும்பியிருக்கும். தோணிகள் கரையை நோக்கி ஓடிவரும். காற்று ஒரு நாள் தவறினால் இரவெல்லாம் கடலிலே கிடக்க நேரிடும்.

கரை சேர்ந்த சிப்பிகளைக் கொட்டு என்ற பெரிய அடைப்புக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாக இடுவார்கள். அவற்றில் இரண்டை அரசாங்க அதிகாரி தேர்ந்துகொள்வார். எஞ்சிய ஒன்று உழைத்தவர்களுக்கு. அன்று மாலை, அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்கு வரும். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது! மூடிய சிப்பிக்குத்தான் விலை. வாங்கினவன் அதைப் பத்து நாள் வெயிலில் அழுகவிட்டு, ஈக்களும் துர்நாற்றமும் ஊரையே மூட, கழுவி அரித்து, துளைகள் படிப்படியாகச் சிறுக்கும் பத்துச் சல்லடைகளில் முத்தைத் தரம் பிரிப்பான். ஆணிமுத்திலிருந்து தூள் வரைக்கும் தரங்களுக்குத் தமிழ்ப் பெயர்களே வழங்கின. 1905ஆம் ஆண்டின் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய் வருமானம். ஆனால் அதற்கு முன்னே, 1891க்குப் பிறகு 1903 வரையில் ஒரு குளிப்பும் நடக்கவில்லை. சிப்பிகள் எங்கே போயின என்று ஆராய லிவர்பூலிலிருந்து ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை 1902இல் வரவழைத்தார்கள். பருவக்காற்று மணலை வாரி மூடிவிட்டாலும் போயிற்று. திருக்கைக் கூட்டம் புகுந்து தின்றாலும் போயிற்று. முதிர்ந்த சிப்பியை எடுக்க ஓராண்டு தாமதித்தாலும் அது தானே மடிந்துபோகும்.

நண்பர்களே, இதில் நாம் கூட்டிச் சேர்க்க வேண்டியது என்ன இருக்கிறது? ஆட்டக்காரனுக்கு எல்லை விதிக்க வேண்டும் என்றால் மூச்சு இருக்கிறது. பிரயாணத்துக்கு நேரம் வகுக்க வேண்டும் என்றால் இரவில் ஒரு திசையும் பகலில் எதிர்த்திசையுமாக வீசும் காற்று இருக்கிறது. நம்பிக்கையைச் சோதிக்க வேண்டும் என்றால் கயிறு இருக்கிறது. துணிவுக்கும் பேராசைக்கும் மூடிய சிப்பி இருக்கிறது. ஒவ்வோர் இரவும் ஒரு தெரு கூடி வளருகிற பட்டணத்தில், நேற்று காலியாகக் கிடந்த மணலில் இன்று ஒரு தேநீர்க்கடை. அந்தக் கடையில் தமிழும் அரபியும் சிங்களமும் குஜராத்தியும் கலந்து ஒலிக்கும். 1999இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஷென்மூ’ என்ற விளையாட்டு, யோகோசுகா நகரத்தில் 1986இல் உண்மையாகவே இருந்த வானிலையை வானிலைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியது. கடைக்காரர் கடை திறப்பதும் பூட்டுவதும் அதில் நேரப்படி நடக்கும். மறிச்சுக்கட்டிக்கும் அரசாங்கக் குறிப்பேடுகள் இருக்கின்றன. எத்தனை தோணி, எத்தனை சிப்பி, என்ன விலை என்று ஆண்டுதோறும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஐந்து பருவங்களாக விளையாட்டை வகுத்து, 1903இல் தொடங்கி 1907இல் முடிக்கலாம். அதன்பின் பல ஆண்டுகளுக்குப் பார்கள் பலன் தரவில்லை என்பதை ஆட்டக்காரனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாம். ஆறாம் ஆண்டு அவன் ஆவலோடு வந்து நிற்கட்டும். கிடுகுக் கம்பங்கள் நட்ட குழிகளும், காலடியில் நொறுங்கும் சிப்பி ஓடுகளும், சோளகக் காற்றும் அவனை எதிர்கொள்ளட்டும்.

சண்டை இல்லாத விளையாட்டை யார் ஆடுவார்கள் என்று கேட்பீர்கள். 2018இல் நிறைவுபெற்று வந்த ‘சப்நாட்டிகா’வில் ஆட்டக்காரன் அந்நியக் கிரகம் ஒன்றின் கடலில் விழுகிறான். கையில் துப்பாக்கி கிடையாது. முதலில் 45 விநாடி மூச்சுதான். அந்த 45 விநாடியைக் கொண்டே எத்தனையோ இலட்சம் பேரைப் பயத்திலும் பரவசத்திலும் ஆழ்த்தியது அது. 2019இல் வந்த ‘டெத் ஸ்ட்ராண்டிங்’கில் பெரும்பாலும் செய்கிற காரியம், முதுகில் சுமையோடு கல்லிலும் ஆற்றிலும் தடுமாறாமல் நடப்பது. மனிதன் ஒரு தொழிலைக் கஷ்டப்பட்டுக் கற்றுத் தேறுவதில் உள்ள இன்பத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்.

ஒன்று மாத்திரம் அழுத்திச் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பை வெறும் வர்ணஜாலமாக்கிவிடக் கூடாது. கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை ஈடுபடுத்தினார்கள் என்று கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிபுளூஸ் நூலில் குறிப்பு இருக்கிறது. மறிச்சுக்கட்டி போன்ற முகாம்களில் காலரா பரவி ஜனங்கள் மாண்டு, குளிப்பே நின்றுபோனதும் உண்டு. மூன்றில் ஒரு பங்குக்காகக் காதும் நெஞ்சும் கெட்டவர்களின் சந்ததியார் இதே ஊரில் நம்மோடு வாழுகிறார்கள். அவர்களைக் கேளாமல் அவர்கள் பாட்டனார் மூச்சை வைத்து விளையாட்டுச் செய்வது தர்மமாகாது. நியூ கலிடோனியத் தீவினர் தங்கள் மண்ணையே களமாகக் கொண்டு 2023இல் ‘ட்சியா’ என்ற விளையாட்டை வெளியிட்டபோது, பாத்திரங்களைத் தங்கள் தீவுகளில் வழங்கும் ட்ரெஹு மொழியில் பேசவைத்தார்கள். அது ஒரு சிறிய குழு. ‘எ ஷார்ட் ஹைக்’ என்று 2019இல் வந்த அழகிய விளையாட்டு, ஒரு சிறு தீவும் ஒரு மலைச்சிகரமும் மட்டுமே கொண்டது. பெரும்பகுதி ஒருவரே செய்தது. ஆகையால், கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் மலைக்க வேண்டியதில்லை. ஒரு பாரையும் ஒரு தோணியையும் கொண்டு தொடங்கலாம்.

அப்படித் தொடங்க விரும்பிய என் பேரனை, சென்ற மாதம், இவ்வூரில் நாற்பது ஆண்டு சங்கு குளித்த பெரியவர் ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போனேன். தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திண்ணையில் வலைக்கயிறு பிரித்துக்கொண்டிருந்தவர், பேச்சை நாங்கள் கேட்காமலே தொடங்கினார். “மொதல்ல காது அடைக்கும் சார். வலிக்கும். அதப் பொறுத்துக்கிட்டு ஒரு பாகம் கீழ போயிட்டா, ஒரு சத்தமும் இருக்காது. நம்ம நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்கும்.” பேரன் நோட்டுப்புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டான். பிறகு, கடலில் எல்லாத் தண்ணீரும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, பார் இருக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டான்.

பெரியவர் சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கினார். நோட்டுப்புத்தகத்தின் ஓரத்தில் கரை என்று ஒரு கோடு இழுத்து, அதன்மேல் மாதா கோயில் கோபுரத்தை வரைந்தார். கோபுரத்துக்கு முன்னே ஒரு பனைமரம் வரைந்தார். தோணி போகப் போகப் பனை கோபுரத்தை நோக்கி நகரும். பனையும் கோபுரமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, தெற்கே உள்ள இன்னொரு அடையாளமும் தன் ஜோடியோடு சேர்ந்தால், அவ்விரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லை இறக்கலாம் என்றார். இன்னும் தூரம் போனால் பனை முதலில் கடலில் முங்கும். அப்புறம் கோயில் முங்கும். கோயிலும் முங்கிய பிறகு நட்சத்திரம்.

பையன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆடிய விளையாட்டுகளில் மூலையிலிருந்த சின்ன மேப் இதில் எங்கே வரும் என்று யோசித்தான் போலும். “இந்தப் பனை எங்க தாத்தா இருக்கு? நான் போய்ப் பார்க்கணும்” என்றான்.

பெரியவர் பென்சிலின் பின்புறத்து ரப்பரால் பனைமரத்தை மெதுவாக அழித்தார். “அது போயிருச்சு மக்கா, ஒரு புயல்ல. இப்ப அந்த எடத்துல செல்போன் டவர் நிக்கிது. அதத்தான் கோயிலோட சேத்துப் பாக்கோம்” என்று சொல்லி, அழித்த இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டார்.